இடைநில்லாக் கிளஸ்டருக்கு இரட்டை நாஸ்: டிஆர்பிடி, பேஸ்மேக்கர், என்எஃப்எஸ் கொண்டு அமைக்கும் முழுமையான வழிகாட்டி

மூன்று சர்வர்களை வாங்கி, அவற்றில் மெய்நிகர் கணினிகளை இயக்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் மென்பொருளை நிறுவி, ஒன்றுக்கொன்று துணைநிற்கும் ஒரே கிளஸ்டராக இணைத்து, மூன்றுக்கும் பொதுவாக ஒரு நாஸ் பெட்டியை (பிணையம் வழி இயங்கும் சேமிப்பகத்தை) வைத்துவிட்டு, இனி எது நின்றாலும் சேவை நிற்காது என்று நிம்மதியடைபவர்கள் பலர். உண்மையில் அங்கே நடந்திருப்பது, மூன்று இடங்களில் பரவிக்கிடந்த ஆபத்தை ஒரே இடத்தில் குவித்ததுதான். முன்பு ஒரு சர்வர் விழுந்தால் அதிலிருந்த மெய்நிகர் கணினிகள் மட்டும் நின்றன. இப்போது அந்த ஒரு பெட்டி விழுந்தால் மூன்று சர்வர்களும் நல்ல நிலையில் இருந்தும் எல்லாச் சேவைகளும் நின்றுவிடும். பெட்டிக்குள் ரெய்டு (ஒரு வட்டு பழுதானாலும் தரவைக் காக்கும் பல-வட்டு அமைப்பு) இருக்கிறது, இரண்டு மின்வழங்கிகள் இருக்கின்றன என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. மதர்போர்டு பழுதாகும்போதோ, இயங்குதளத்தின் மையமான கர்னல் உறையும்போதோ, இயங்குதளப் புதுப்பிப்புக்காகப் பெட்டியை மறுதொடக்கம் செய்யும்போதோ அவை எதற்கும் உதவா.

ஆகவே இந்த வழிகாட்டி, நாஸையே இரட்டையாக்கும் வேலையைப் பற்றியது. ஒரே மாதிரியான இரண்டு லினக்ஸ் சர்வர்கள். ஒன்றில் எழுதப்படுவது அதே கணத்தில் மற்றொன்றிலும் எழுதப்படும்; இது டிஆர்பிடி மென்பொருளின் வேலை. ஒன்று விழுந்தால் மற்றொன்று அதே ஐபி முகவரியுடன் சேவையைத் தொடரும்; இதை நடத்துவது பேஸ்மேக்கர். அந்த வட்டைப் பிணையம் வழி ப்ராக்ஸ்மாக்ஸுக்குப் பகிர்வது என்எஃப்எஸ். தயார் நிலையில் விற்கப்படும் தீர்வுகளும் உண்டு: சினாலஜி நிறுவனத்தின் சில மாதிரிகளில் இரண்டு பெட்டிகளை இணைக்கும் வசதி இருக்கிறது, ட்ரூநாஸின் நிறுவனப் பதிப்பு இரட்டைக் கட்டுப்பாட்டகத்துடன் வருகிறது. மூன்று சர்வர்களின் உள்வட்டுகளையே பொதுச் சேமிப்பகமாக்கும் செஃப் மென்பொருளையும் ப்ராக்ஸ்மாக்ஸுடனேயே பயன்படுத்தலாம். ஐந்தாறு சர்வர்களும் வேகமான பிணையமும் இருப்பவர்களுக்கு நான் செஃபையே பரிந்துரைப்பேன். சிறிய அலுவலகத்துக்கு, பழுதானால் ஒரே ஆள் உட்கார்ந்து புரிந்துகொள்ளக்கூடிய இரட்டை நாஸே மேல் என்பது என் கருத்து.

கட்டளைகளை எழுத்துக்கு எழுத்து இங்கே தரவில்லை. அவை பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஒவ்வொன்றுக்கும் கையேட்டுப் பக்கம் இருக்கிறது. எதை, எந்த வரிசையில், ஏன் செய்ய வேண்டும் என்பதே கையேடுகளில் சிதறிக்கிடப்பது. அதையே இங்கே ஒன்றுசேர்க்கிறேன். இரண்டு சேமிப்பகச் சர்வர்களுக்கும் ஆடி, ஆவணி என்று பெயர் வைத்துக்கொள்வோம். வாக்குரிமை மட்டும் உள்ள மூன்றாவது சிறு கணினிக்குப் புரட்டாசி.

முதல் படி: வன்பொருளும் கொள்ளளவும்

ஆடியும் ஆவணியும் வட்டு எண்ணிக்கையிலும் அளவிலும் ஒத்திருக்க வேண்டும்; இரண்டில் சிறியது எதுவோ அதுவே மொத்தக் கொள்ளளவு. ஒவ்வொன்றிலும் 4 டெராபைட் எஸ்எஸ்டி ஆறு இருப்பதாகக் கொள்வோம். வட்டுகளை ஜோடி ஜோடியாகப் பிரதியாக்கும் ரெய்டு 10 அமைத்தால் ஒரு சர்வரில் 12 டெராபைட் கிடைக்கும். இரண்டாவது சர்வர் அதன் மறுபிரதி என்பதால், 48 டெராபைட் வாங்கி 12 டெராபைட்டைத்தான் பயன்படுத்துகிறோம். நான்கில் ஒரு பங்குதானா என்று கணக்குப் பிரிவில் நிச்சயம் கேட்பார்கள். வாங்குவதற்கு முன்பே இதை எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது.

எஸ்எஸ்டி தேர்வில் வேகத்தைவிட முக்கியமானது, மின்சாரம் துண்டிக்கப்பட்டாலும் இடைநினைவிலிருப்பதை எழுதி முடிக்கும் மின்தேக்கிப் பாதுகாப்பு. மெய்நிகர் கணினிகளின் எழுத்துகளில் (வட்டில் எழுதும் செயல்களில்) பெரும்பகுதி 'வட்டில் உறுதியாகப் பதிந்த பிறகே பதில் சொல்' என்ற வகையைச் சேர்ந்தவை. அந்தப் பாதுகாப்பு இல்லாத வீட்டு உபயோக எஸ்எஸ்டி, இத்தகைய எழுத்துகளில் விளம்பர வேகத்தின் சிறு பகுதியைக்கூட எட்டாது.

இரண்டு சர்வர்களிலும் தொலைவிலிருந்து மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஐபிஎம்ஐ வசதி கட்டாயம் வேண்டும்; ஐந்தாம் படி முழுவதும் அதை நம்பியே இருக்கிறது. இரண்டையும் வெவ்வேறு யூபிஎஸ்ஸிலிருந்து இயக்க வேண்டும். இரட்டை மின்வழங்கி கொண்ட இரண்டு சர்வர்களின் நான்கு கம்பிகளையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகி வைத்திருந்த ஓர் அறையை நான் பார்த்திருக்கிறேன். துப்புரவுப் பணியாளரின் கால் அந்தப் பலகையின் பொத்தானில் பட்ட நாளில்தான் அது வெளியே தெரிந்தது.

இரண்டாம் படி: பிணையத்தைப் பிரித்தல்

மூன்று வகைப் போக்குவரத்தும் மூன்று தனி வழிகளில் செல்ல வேண்டும். சேமிப்பகச் சேவைக்கு 10.10.20.0 பிணையம், அதில் ஆடிக்கு 11, ஆவணிக்கு 12, சேவை முகவரிக்கு 10 என்று கடைசி எண்களை ஒதுக்கலாம். இரு சேமிப்பகங்களுக்கும் இடையிலான பிரதியெடுப்புக்கு 10.10.30.0 பிணையம், இதற்கு ஸ்விட்ச் தேவையில்லை, நேரடிக் கேபிளே போதும், சொல்லப்போனால் அதுவே சிறந்தது. கிளஸ்டர் உரையாடலுக்கு மூன்றாவது.

மூன்றாவதைத் தனியாக வைப்பதற்கு வலுவான காரணம் உண்டு. சர்வர்கள் ஒன்றோடொன்று தொடர்பில் இருப்பதை உறுதிசெய்ய ப்ராக்ஸ்மாக்ஸும் பேஸ்மேக்கரும் பயன்படுத்தும் கோரோசிங்க் மென்பொருளுக்கு அகலமான பாதை தேவையில்லை, தாமதமில்லாத பாதை தேவை. பெரிய காப்புப்பிரதி ஒன்று சேமிப்பகப் பிணையத்தை நிரப்பும்போது கோரோசிங்க் செய்திகளும் அதே கம்பியில் சென்றால், அவை தாமதமாகி, பெரும்பான்மைச் சர்வர்களுடன் தொடர்பை இழந்துவிட்டதாகக் கருதும் சர்வர்கள் காவல் கடிகாரத்தின் (வாட்ச்டாக்) வழியாகத் தம்மைத் தாமே மறுதொடக்கம் செய்துகொள்ளும். எந்தப் பழுதும் இல்லாமலே கிளஸ்டர் நள்ளிரவில் தானாகச் சரியும் கதைகளில் பலவற்றுக்கு இதுவே மூலம்.

ஒவ்வொரு சர்வரிலிருந்தும் இரண்டு கம்பிகள் இரண்டு வெவ்வேறு ஸ்விட்ச்களுக்குப் போகட்டும். ஒன்று இயங்க மற்றொன்று காத்திருக்கும் முறைக்கு ஸ்விட்சின் ஒத்துழைப்பு தேவையில்லை என்பதால் தொடக்கத்துக்கு அதுவே போதுமானது. எம்டியுவை (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவை) 9000 ஆக உயர்த்த விரும்பினால் வழியிலுள்ள ஒவ்வொரு போர்ட்டிலும் உயர்த்த வேண்டும். துண்டாக்கத் தடையுடன் 8972 பைட் பிங் அனுப்பிப் பார்த்தால் விடுபட்ட இடம் உடனே தெரியும். எல்லாச் சர்வர்களிலும் நேர ஒத்திசைவு இயங்க வேண்டும்.

மூன்றாம் படி: வட்டு அடுக்குகள்

கீழிருந்து மேலாக, மென்பொருள் ரெய்டு 10, அதன்மேல் வட்டிடத்தைப் பகுதிகளாகப் பிரித்துத் தரும் எல்விஎம், அதன்மேல் டிஆர்பிடி, அதன்மேல் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை. நடுவில் எல்விஎம் எதற்கு என்று கேட்கலாம். பின்னால் கொள்ளளவைப் பெருக்க அது உதவும். அதைவிட முக்கியமாக, ஆபத்தான எந்த வேலைக்கும் முன் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்து நிலையின் பதிவு) எடுத்துவைக்க அது இடம் தரும். அதற்காகத் தொகுதியில் பத்து விழுக்காட்டை ஒதுக்காமல் விட்டுவையுங்கள்.

நான்காம் படி: டிஆர்பிடி

வியன்னாவிலுள்ள லின்பிட் நிறுவனம் வளர்த்தெடுத்த டிஆர்பிடி, 2010ஆம் ஆண்டு 2.6.33 பதிப்பிலிருந்து லினக்ஸ் கர்னலிலேயே இடம்பெற்றிருக்கிறது. ஒரு வட்டுப் பகுதிக்கு எழுதப்படுவதைப் பிணையத்தின் வழியாக மற்றொரு சர்வரின் வட்டுப் பகுதிக்கும் எழுதுவது அதன் வேலை. அதில் மூன்று முறைகள் உண்டு. 'ஏ' முறையில் தன் வட்டில் பதிந்து, செய்தி வெளியே கிளம்பியதுமே எழுத்து முடிந்ததாகச் சொல்லிவிடும். 'பி' முறையில் மறுமுனையின் நினைவகத்தை எட்டியதும் சொல்லும். 'சி' முறையில் இரண்டு வட்டுகளிலும் பதிந்த பிறகுதான் சொல்லும். நமக்கு 'சி' தவிர வேறு எதுவும் கூடாது. மற்ற இரண்டிலும், 'எழுதிவிட்டேன்' என்று தரவுத்தளத்துக்கு உறுதி சொல்லப்பட்ட வரிகள் உயிரோடிருக்கும் சர்வரில் இல்லாமல் போக வாய்ப்பிருக்கிறது.

இரண்டு சர்வர்களிலும் ஒரே உள்ளமைவுக் கோப்பை வைத்து, உள்ளார்ந்த மெட்டாதரவை (எந்தப் பகுதி ஒத்திசைந்தது என்பதற்கு டிஆர்பிடி அதே வட்டில் வைக்கும் குறிப்பேட்டை) உருவாக்குங்கள். 1 டெராபைட்டுக்குச் சுமார் 32 மெகாபைட் அதற்குச் செலவாகும். பிறகு ஆடியை முதன்மையாக்கி முதல் ஒத்திசைவைத் தொடங்குங்கள். 12 டெராபைட்டும் 1 கிகாபிட் கம்பியில் செல்ல, எந்த இழப்பும் இல்லை என்று கொண்டாலும் 26 மணி 40 நிமிடம் ஆகும். 10 கிகாபிட்டில் 2 மணி 40 நிமிடம். வெற்று வட்டுகள் என்றால் இந்த ஒத்திசைவைத் தவிர்க்க வழி உண்டு. நான் தவிர்ப்பதில்லை; புதிய வட்டுகளையும் கேபிளையும் முழுமையாகச் சோதிக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. ஒத்திசைவு முடிந்ததும் ஆடியில் மட்டும் எக்ஸ்எஃப்எஸ் உருவாக்குங்கள். ஆவணிக்கு அது தானாகவே போய்ச் சேர்ந்திருக்கும்.

தொடர்பு அறுந்த நேரத்தில் இரு பக்கமும் தனித்தனியே எழுதிவிட்டால், எந்தப் பக்கத்தை விடுவது என்பதைத் தானாக முடிவுசெய்யும் தேர்வுகளும் டிஆர்பிடியில் இருக்கின்றன. அவற்றைத் தொடாதீர்கள். இயல்பான அமைப்பு, இணைப்பைத் துண்டித்துவிட்டு மனிதருக்காகக் காத்திருப்பது, அதுவே சரி.

ஐந்தாம் படி: பெரும்பான்மையும் வேலியும்

அவசரத்தில் இருப்பவர்கள் தாண்டிச் செல்வது இந்தப் படியைத்தான். தரவு அழிந்த சம்பவங்களைத் தோண்டினால் பெரும்பாலும் வந்து நிற்பதும் இங்கேதான்.

ஆவணிக்கு ஆடியிடமிருந்து செய்தி வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆடி செத்துவிட்டதா, அல்லது நடுவிலுள்ள கம்பி மட்டும் அறுந்ததா? ஆவணியின் இடத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். செத்துவிட்டது என்று நம்பி ஆவணி சேவையை எடுத்துக்கொண்டு, ஆடியும் உயிரோடு தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தால், ஒரே முகவரியில் இரண்டு நாஸ்கள், இரண்டு வேறுபட்ட தரவுகள். இதைத்தான் ஸ்பிளிட் பிரெயின் என்கிறார்கள். அதைப் பின்னால் ஒன்றுசேர்க்க எந்த மென்பொருளாலும் முடியாது.

இதற்கான தீர்வு இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதலாவது வாக்கு. இரண்டு பேர் மட்டும் இருக்கும் இடத்தில் பெரும்பான்மை என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதால், புரட்டாசியில் கோரோசிங்கின் க்யூநெட் சேவையை நிறுவி மூன்றாவது வாக்காளராக்க வேண்டும். அது எந்தத் தரவையும் சேமிப்பதில்லை; டிசிபி 5403 போர்ட் திறந்திருக்கும் சிறிய கணினி போதும். அதை ஆடியிலோ ஆவணியிலோ மெய்நிகர் கணினியாக வைப்பதும், அந்த நாஸையே நம்பியிருக்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் மேல் வைப்பதும் அர்த்தமற்றவை. கோரோசிங்க் செய்திகளுக்குக் கிளஸ்டர் பிணையத்தோடு பிரதியெடுப்புக் கேபிளையும் இரண்டாவது வழியாகக் கொடுத்துவிடுங்கள். ஒரு கம்பி அறுந்ததற்காக யாரும் யாரையும் சந்தேகிக்க வேண்டியிராது.

இரண்டாவது வேலி. சேவையை எடுத்துக்கொள்ளுமுன் ஆவணி, ஆடியின் ஐபிஎம்ஐயிடம் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்ல வேண்டும். துண்டித்தாயிற்று என்ற உறுதி வந்த பிறகே வட்டைத் தொட வேண்டும். பேஸ்மேக்கரில் இதற்கு ஸ்டோனித் என்று பெயர். 'மற்ற முனையைத் தலையில் சுடு' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள். பெயர் கொடூரமாக இருந்தாலும் செயல் நியாயமானது. ஸ்டோனித் அமைக்காதவரை பேஸ்மேக்கர் வளங்களை, அதாவது தான் நிர்வகிக்கும் சேவைகளை, தொடங்க மறுக்கும். அதை அணைத்து வைத்துவிட்டால் எல்லாம் ஓடத் தொடங்குவதால், பலரும் அணைத்துவிட்டு அடுத்த படிக்குப் போய்விடுகிறார்கள். சோதனைக்கூடத்தில் அப்படிச் செய்யலாம், நிஜத் தரவில் ஒரு மணி நேரத்துக்குக்கூடச் செய்யக் கூடாது.

ஐபிஎம்ஐ வேலிக்கு ஒரு குறை உண்டு. ஆடியின் மின்சாரம் முழுதும் போய்விட்டால் அதன் ஐபிஎம்ஐயும் செத்துவிடும்; ஆவணி கேட்கும் கேள்விக்குப் பதில் வராது; உறுதி கிடைக்காததால் ஆவணி சேவையைத் தொடங்காமல் காத்துக்கொண்டே நிற்கும். அதாவது, எந்தச் சூழலுக்காக இவ்வளவும் கட்டினோமோ அதே சூழலில் அமைப்பு உறைந்துவிடும். பிணையம் வழி கட்டுப்படுத்தக்கூடிய பிடியுவை (மின்பகிர்வுப் பலகையை) இரண்டாம் நிலை வேலியாகச் சேர்ப்பதே இதற்கு மருந்து. முதலில் ஐபிஎம்ஐ, அது தோற்றால் பிடியு என்று வரிசை கொடுக்கலாம். சர்வருக்கு இரண்டு மின்வழங்கிகள் இருந்தால், பிடியு நிலையில் இரண்டு துளைகளையும் அணைத்த பிறகே உறுதி தரும்படி எழுத வேண்டும்.

இருவரும் ஒரே கணத்தில் ஒருவரையொருவர் அணைத்துக்கொள்ளும் நிலையும் வரக்கூடும். ஆடியை அணைப்பதற்கு மட்டும் ஐந்து அல்லது பத்து வினாடித் தாமதம் கொடுத்துவிட்டால், அந்தப் போட்டியில் ஆடி எப்போதும் பிழைக்கும். டிஆர்பிடியின் வேலிக் கொள்கையையும் பேஸ்மேக்கரோடு இணைத்துவிடுங்கள்: பிரதியெடுப்பு அறுந்தால் எழுத்துகளை நிறுத்திவைத்து, பழைய தரவை வைத்திருக்கும் பக்கம் முதன்மையாகாதபடி பேஸ்மேக்கரில் தடை போடும் துணைநிரல் அதனுடனேயே வருகிறது.

ஆறாம் படி: சேவைகளின் வரிசை

டிஆர்பிடியையும் என்எஃப்எஸ்ஸையும் இயங்குதளம் தானாகத் தொடங்காதபடி இரண்டு சர்வர்களிலும் முடக்கி வையுங்கள். இனி அவற்றைத் தொடங்கும் உரிமை பேஸ்மேக்கருக்கு மட்டுமே. பிறகு வளங்களை இந்த வரிசையில் கட்டுங்கள்: டிஆர்பிடி முதன்மையாதல், கோப்பு முறைமையை ஏற்றுதல், என்எஃப்எஸ் சர்வர், ஏற்றுமதி (கிளையண்டுகளான ப்ராக்ஸ்மாக்ஸ் சர்வர்களுக்குக் கோப்புறையைப் பகிர்தல்), கடைசியாகச் சேவை முகவரி. நிற்கும்போது இதே வரிசை தலைகீழாகும்.

முகவரி ஏன் கடைசி? தொடங்கும்போது, எல்லாம் தயாரான பிறகே கிளையண்டுகளுக்குக் கதவு திறக்கும். நிற்கும்போது முகவரி முதலில் மறைந்துவிடுவதால், கிளையண்டுகளுக்குக் கிடைப்பது வெறும் மௌனம். மௌனத்தை அவை பொறுமையாக மீண்டும் மீண்டும் தட்டிப் பார்க்கும். முகவரி உயிரோடிருக்க ஏற்றுமதி மட்டும் மறைந்தால், அவற்றுக்குப் பிழைச் செய்தி போய்ச்சேரும். அதைக் கண்டதும் மெய்நிகர் கணினிகளின் வட்டுகள் பிழையில் விழும்.

ஏற்றுமதியில் கவனிக்க வேண்டியவை நான்கு. வட்டில் பதிந்த பிறகே பதில் சொல்லும் சிங்க் தேர்வு இருக்க வேண்டும். அதற்குக் காத்திராத ஏசிங்க் வேகமாகத் தெரியும், ஆனால் 'சி' முறையில் நாம் வாங்கிய உறுதியை அது வீணாக்கிவிடும். கோப்பு முறைமையை அடையாளம் காட்டும் எஃப்எஸ்ஐடி எண்ணை இரண்டு பக்கமும் ஒன்றாகக் கொடுக்க வேண்டும். ப்ராக்ஸ்மாக்ஸ் முழு அதிகாரமுள்ள ரூட் பயனராகவே எழுதுவதால், அந்த அதிகாரத்தைப் பறிக்கும் ரூட் ஒடுக்கத்தை நீக்க வேண்டியிருக்கும். அதனாலேயே, ஏற்றுமதியைப் பிணையம் முழுவதற்கும் திறக்காமல் மூன்று சர்வர்களின் முகவரிகளுக்கு மட்டும் திறக்க வேண்டும்.

என்எஃப்எஸ் சர்வர் தன் கிளையண்டுகளைப் பற்றி வைத்திருக்கும் பதிவுகளையும் டிஆர்பிடி வட்டிலேயே வைக்கும்படி அமையுங்கள். ஆவணி பொறுப்பேற்றதும், முன்பு யார் யார் எந்தக் கோப்புப் பூட்டை வைத்திருந்தார்கள் என்பதைக் கேட்டு மீட்டுக்கொடுக்க ஓர் அவகாசம் தரும். லினக்ஸில் இது இயல்பாக 90 வினாடி. அதுவரை புதிய பூட்டுகள் கிடைக்கா. குத்தகைக் காலத்தையும் (கிளையண்டின் பூட்டு உரிமை புதுப்பிக்காமல் செல்லும் காலத்தையும்) அவகாசத்தையும் சேர்த்து 15 அல்லது 20 வினாடிக்குக் குறைக்கலாம். அவகாசம் குத்தகையைவிடக் குறைவாக இருக்கக் கூடாது.

விழுந்த ஆடி எழுந்து வந்ததும் சேவை தானாக அதற்குத் திரும்பாதபடி வளங்களுக்கு ஒட்டுதல் மதிப்பு கொடுத்துவிடுங்கள். திரும்புவது இன்னொரு தடங்கல். அதை நமக்கு வசதியான நேரத்தில் செய்யலாம்.

ஏழாம் படி: ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கம்

சேமிப்பகத்தைச் சேர்க்கும்போது 10.10.20.10 முகவரியையே கொடுங்கள். ஆடியின் சொந்த முகவரியைக் கொடுத்துவிட்டு, மாற்றம் வேலை செய்யவில்லை என்று தேடிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கும் தவறு. என்எஃப்எஸ் பதிப்பு 4.1 அல்லது 4.2. ஏற்றும் முறை ஹார்டு, அதாவது பதில் வரும்வரை காத்திருப்பது. சாஃப்ட் முறையில் காலக்கெடு முடிந்ததும் பிழை திரும்பும், எழுத்துகள் பாதியில் கைவிடப்படும். லினக்ஸ் 5.3 முதல் ஒரே ஏற்றத்துக்குப் பல டிசிபி இணைப்புகளைப் பயன்படுத்தும் என்கனெக்ட் தேர்வு உண்டு. நான்கு என்று வைத்தால் பெரும்பாலும் போதும். மெய்நிகர் கணினிகளின் வட்டுகள் மெய்நிகர் கணினிகளுக்கென்றே அமைந்த விர்ட்டியோ வகையாக இருக்கட்டும்; பாவனை சாட்டா வட்டுகள் நாஸ் மாறும் இடைவெளியில் காலக்கெடு தாண்டிப் பிழை காட்டக்கூடும்.

எட்டாம் படி: உடைத்துப் பார்த்தல்

ஒரு மெய்நிகர் கணினியில், வினாடிக்கு ஒருமுறை நேரத்தையும் வரிசை எண்ணையும் எழுதி, ஒவ்வொரு எழுத்தையும் வட்டில் உறுதிப்படுத்தி, அதன்பின்னரே அதே எண்ணை வேறொரு கணினிக்கு அனுப்பும் சிறு நிரலை ஓடவிடுங்கள். பிறகு முதன்மையாக இருக்கும் சேமிப்பகத்தை ஒவ்வொரு விதமாகக் கொல்லுங்கள்: முதலில் காத்திருப்பு நிலைக்கு அனுப்பி மென்மையாக; அடுத்து கர்னலை வேண்டுமென்றே நிலைகுலையச் செய்து; அடுத்து கிளஸ்டர் கம்பிகளை மட்டும் பிடுங்கி; கடைசியாக இரண்டு மின்கம்பிகளையும் ஒருசேரப் பிடுங்கி. இந்தக் கடைசிச் சோதனைதான் ஐபிஎம்ஐ குறையை அம்பலப்படுத்தும்.

ஒவ்வொரு முறையும் இரண்டைப் பாருங்கள். வெளிக் கணினி பெற்ற கடைசி எண் வட்டிலும் இருக்கிறதா. எண்களுக்கு நடுவே விழுந்த இடைவெளி எத்தனை வினாடி. முதலாவதில் ஒரு வரி குறைந்தாலும் எங்கோ உறுதி பொய்யாகச் சொல்லப்படுகிறது. ஏசிங்க், வட்டு இடைநினைவு, டிஆர்பிடி முறை ஆகியவற்றைத் திரும்பப் பாருங்கள். இடைவெளி ஒரு நிமிடத்துக்குள் அடங்க வேண்டும் என்பது என் அளவுகோல். 120 வினாடி தாண்டினால் மெய்நிகர் கணினிகளின் லினக்ஸ் கர்னல், பணிகள் தொங்குவதாகப் பதிவேட்டில் எழுதத் தொடங்கும். ஒப்பிடுவதற்குச் சொன்னால், ஒரு ப்ராக்ஸ்மாக்ஸ் சர்வர் விழும்போது அதைக் கண்டறிந்து மெய்நிகர் கணினிகளை வேறிடத்தில் எழுப்ப ப்ராக்ஸ்மாக்ஸே சுமார் 2 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. நாஸ் மாற்றத்தில் மெய்நிகர் கணினிகள் சாவதில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

ஒன்பதாம் படி: ஓடத் தொடங்கிய பிறகு

டிஆர்பிடி இணைந்திருக்கிறதா, இரு பக்கமும் புதுப்பித்த நிலையில் இருக்கின்றனவா என்பதைக் கண்காணிப்பில் சேர்த்து, இல்லையென்றால் கைபேசிக்குச் செய்தி வரச் செய்யுங்கள். பிரதியெடுப்பு அறுந்து மூன்று மாதமாக யாரும் கவனிக்காத இரட்டை நாஸ், ஒற்றை நாஸைவிடச் செலவு மிகுந்தது, அவ்வளவுதான். டெபியனில் ரெய்டு சரிபார்ப்பு ஒவ்வொரு மாதத்தின் முதல் ஞாயிறன்றும் தானாக ஓடும். வேறொரு வார இறுதியில் டிஆர்பிடியின் நேரடிச் சரிபார்ப்பையும் ஓட்டுங்கள். அது வேறுபாட்டைக் குறித்துவைக்குமே தவிரத் திருத்தாது. இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைத்தால்தான் குறிக்கப்பட்ட பகுதிகள் ஒத்திசையும்.

தவறாக அழித்த கோப்பு இரண்டு சர்வர்களிலும் ஒரே கணத்தில் அழியும் என்பதால், காப்புப்பிரதி இவ்விரண்டுக்கும் வெளியே, முடிந்தால் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும்.

இயங்குதளத்தைப் புதுப்பிக்கும்போது எப்போதும் துணையில் தொடங்குங்கள். ஆவணியைக் காத்திருப்பில் வைத்துப் புதுப்பித்து, மறுதொடக்கம் செய்து, ஒத்திசைவு முழுவதும் முடியும்வரை காத்திருந்து, அதன்பின் சேவையை ஆவணிக்கு மாற்றிவிட்டு ஆடியைத் தொடுங்கள். நடுவிலுள்ள அந்தக் காத்திருப்பைப் பொறுக்க முடியாமல் மாற்றினால், பழைய தரவுள்ள பக்கத்தை டிஆர்பிடி முதன்மையாக்க மறுக்கும். அப்போது கட்டாயத் தேர்வைப் போட்டு மீறத் தோன்றும், மீறாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் என்றாவது ஸ்பிளிட் பிரெயின் நேர்ந்தால், எந்தப் பக்கத்துத் தரவை விடுவது என்பதை இரு பக்கக் கோப்புகளின் நேரங்களையும் பார்த்து முடிவுசெய்யுங்கள். விடப்போகும் பக்கத்தில் முதலில் எல்விஎம் ஸ்னாப்ஷாட் ஒன்றை எடுத்துவிட்டு, பிறகு அந்தப் பக்கத்தைத் துணையாக்கி, தன் தரவைக் கைவிட்டு இணையும் தேர்வுடன் மறுபடி இணையுங்கள். அந்த ஸ்னாப்ஷாட்டைக் குறைந்தது ஒரு மாதம் அழிக்காதீர்கள். அந்த இடைவெளியில் வந்த விலைப்பட்டியலைக் காணவில்லை என்று கேட்டுக்கொண்டு கணக்காளர் மாதக் கடைசியில்தான் வருவார்.